கங்காரு முத்திரை போட்ட மார்டினி: எட்டு வருட அனுபவம்

என்னுடைய மார்டினி கேடட், லீவரைத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுகிற பழைய ரைபிள். அதன் பின்கட்டை குட்டை. முதல் நாள் ரேஞ்சில் அதைத் தோளில் அணைத்துச் சுட்டபோது என் கட்டைவிரலே என் மூக்கில் வந்து இடித்தது. பக்கத்துத் தடத்தில் இருந்த கிளப் பெரியவர் சிரித்துவிட்டு, "பதினான்கு வயதுப் பையனுக்கு அளவெடுத்தது, உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்றார்.

அவர் சொன்னது கிண்டல் இல்லை. 1911-ல் ஆஸ்திரேலியா கட்டாயப் படைப்பயிற்சியைத் தொடங்கியபோது 14 முதல் 18 வயது வரையிலான பையன்கள் சீனியர் கேடட்டுகள். அவர்கள் கையில் கொடுக்க இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து பி.எஸ்.ஏ., கிரீனர் நிறுவனங்களின் சின்ன மார்டினிகள் கப்பலேறின. என் ரைபிளின் இரும்பில் இன்னும் ஒரு கங்காரு துள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டாயப் பயிற்சி 1929-ல் நின்றுபோனது. பிற்பாடு ரைபிள்கள் உபரிச் சரக்காக விற்கப்பட்டு உலகம் முழுக்கச் சிதறின. அதில் ஒன்று சுற்றிச் சுற்றி மறுபடி இங்கிலாந்துக்கே வந்து என்னிடம் மாட்டியது.

இதன் சொந்தத் தோட்டா 310 கேடட். அது இப்போது சாதாரணக் கடையில் கிடைக்கிற சரக்கு அல்ல. அதனால்தான் பலர் இதற்கு வேறு குழல் போட்டு, 357 மேக்னம் என்கிற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கைத்துப்பாக்கித் தோட்டா ரைபிளில் எதற்கு என்று கேட்கலாம். 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1997-ன் சட்டங்கள் இங்கே தனியார் கையிலிருந்த கைத்துப்பாக்கிகளை அநேகமாக முழுக்கத் தடை செய்தன. இலக்குச் சுடுதலைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் பலர் அதே தோட்டாக்களை நீளக் குழலில் சுட ஆரம்பித்தார்கள். 'கேலரி ரைபிள்' என்ற பிரிவு செல்வாக்குப் பெற்றது அப்படித்தான். நான் இங்கே வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. எனக்குப் பிடித்தது பழைய இரும்பு, அவ்வளவுதான்.

மாற்றும் வேலையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: இது வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை. 357-ன் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. 310 இதன் பக்கத்தில் ஒரு சாது. நூறு வயது இரும்பை நம்பி முகத்துக்கு முன்னால் அதை வெடிக்கவிடப் போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. என் உரிமத்தில் புதிய தோட்டா அளவைச் சேர்க்கப் போலீசுக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் குழல் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ். 1813-லிருந்து இயங்கும் இடம். வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தருகிற தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். செலவைக் கேட்காதீர்கள். ரைபிளுக்குக் கொடுத்ததைவிட அதைத் திருத்தக் கொடுத்தது அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் முதல் வருடம் தலைவலிதான். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரைப் பட்டறையில் சரியாகப் பொருத்தவில்லை. லீவரைத் தள்ளினால் கூடு பாதி வந்து நின்றுவிடும். பத்துத் தோட்டா சுட, பத்து முறை நகத்தால் நோண்டினேன். இரண்டாவது முறை கொண்டுபோனபோது முகம் சுளித்தாலும் சரிசெய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஏழு வருடத்தில் அது மக்கர் செய்தது என் தப்பால்தான்.

அந்தத் தப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்வது. 357-க்கான அறையில், அதாவது குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடத்தில், 38 ஸ்பெஷல் என்கிற பழைய ரிவால்வர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. (38 என்பது பெயரளவில்தான், குண்டு 0.357 அங்குலம்.) 1935-ல் மேக்னம் வந்தபோது, அது பழைய 38 ரிவால்வருக்குள் போய்விடக் கூடாதென்று கூட்டைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டினார்கள். வினை அந்த 3 மில்லிமீட்டரில் இருக்கிறது. குட்டையான 38-ஐயே சுட்டுக்கொண்டிருந்தால் அறையில் மிச்சமிருக்கும் அந்த இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். பிறகு ஒருநாள் 357-ஐப் போட்டால் உள்ளே போக முரண்டு பிடிக்கும், போனால் வெளியே வர அடம்பிடிக்கும். இரண்டு மாதம் 38 மட்டும் சுட்டுவிட்டு, விருந்தாளி முன்னால் பந்தாவாக மேக்னம் போட்டு மாட்டிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் அறையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன்.

சொல்லப்போனால் மேக்னத்தை நான் சுடுவதே அபூர்வம். அதற்காகத்தான் இத்தனை பாடு என்றாலும், கை தேடுவது 38-ஐத்தான். ஈயக் குண்டு போட்ட 38 இந்த நீளக் குழலில் உதைப்பதே தெரியாது. சத்தமும் கைத்துப்பாக்கியில் கேட்கிற மாதிரி காதைக் கிழிக்காது. காதுக்கவசம் கழற்றலாம் என்று அர்த்தமில்லை. மணல் மூட்டையில் சாய்த்து 50 மீட்டரில் ஐந்து சுட்டால் ஓட்டைகள் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிவிடும். அடங்காத நாளில் குறை என் கண்ணில். 100 மீட்டரில் குண்டு நன்றாகத் தாழ்ந்து போகும், காற்றடித்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அந்தத் தூரம் இதன் ஆட்டம் இல்லை.

சுத்தம் செய்வதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. ஒரு ஆணியைத் தட்டி எடுத்தால் லீவர், குழலின் பின்வாயை மூடும் அடைப்புக் கட்டை, ட்ரிகர் என்று மொத்த இயந்திரமும் ஒரே துண்டாகக் கீழே இறங்கி வரும். பெல்ஜியத்தின் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஃபிரான்கோட் கொண்டுவந்த அமைப்பு இது. முதல்முறை பார்த்தபோது அரை மணி நேரம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கெட்டது என்னவென்றால், அதைக் கழற்றினாலும் பின்பக்க இரும்பு மறைப்பதால் குழலுக்குள் பின்னாலிருந்து நேராகக் கம்பி விட முடியாது. முன்வாயிலிருந்துதான் விட வேண்டும். கவனமில்லாமல் தேய்த்தால் முன்வாய் தேய்ந்து குறி கெட்டுவிடும். நான் கம்பியை விட்டுவிட்டுக் கயிறு கட்டி இழுக்கிற துணிக்கு மாறிவிட்டேன்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போட்டிக்கென்றால் வேண்டாம். கேலரி ரைபிள் போட்டிகள் பலவற்றில் வினாடிக் கணக்கில் சுட வேண்டும். ஒவ்வொரு தோட்டாவாக விரலால் தள்ளி ஏற்றுகிற இது அங்கே மாட்டுவண்டி. அதே 357-ல், பல தோட்டாக்களை உள்ளே அடக்கி லீவரால் மாற்றி மாற்றி ஏற்றுகிற நல்ல லீவர் ஆக்‌ஷன் ரைபிள் இதற்கு ஆன மொத்தச் செலவுக்குள் கிடைத்துவிடும். பிறகு, மாற்றாத அசல் 310 உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள். என்னுடையதை வாங்கும்போதே குழல் துருப்பிடித்துச் செத்திருந்தது. அதனால் மனசாட்சி உறுத்தவில்லை.

மூக்கில் இடிக்கிற சங்கதிக்கு ஒரு தடித்த ரப்பர் உறை வாங்கிப் பின்கட்டையில் மாட்டியிருந்தேன். போன வருடம் மகளுக்குப் பதினான்கு ஆனது, அவளும் கிளப்பில் சேர்ந்தாள். உறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன், கட்டை அவள் தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சுடுகிறாள், நான் பின்னால் நின்று வெற்றுக்கூடு பொறுக்குகிறேன்.