மூன்று மணி நேரத் தேர்வுக்கு எந்தப் பேனா?

எம்.ஏ. தமிழ் கடைசிப் பருவத் தேர்வும் முடிந்தது. கும்பகோணத்தில் படித்த ஐந்து வருடத்தில் மைப்பேனா, ஜெல், பால்பாயிண்ட் மூன்றிலும் தேர்வு எழுதிப் பார்த்தாயிற்று. என் ஓட்டு பால்பாயிண்டுக்கு. அழகுக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகில் மைப்பேனாவை அடிக்க ஆளில்லை; ஜெல் அடுத்தது. விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேகம்? அழுத்தவே வேண்டாம் என்பதால் முதல் ஒரு மணி நேரம் ஜெல் பறக்கும். ஆனால் அந்த வழுக்கலில் என் மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழியாகிவிடும். எழுதியது மணமா மனமா என்று திருத்துபவர்தான் ஊகிக்க வேண்டும். பால்பாயிண்ட் தாளைக் கொஞ்சம் பிடித்து இழுப்பதால் சுழி நிற்கிறது.

சரி, உண்மையில் முடிவு செய்தது தண்ணீர். பாரதிதாசன் பல்கலைக்கழகத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். டெல்டாவில் நவம்பர் என்றால் அடைமழை, ஏப்ரல் என்றால் புழுக்கம். மைப்பேனா மையும் ஜெல் மையும் நீரில் கலந்தவை. பால்பாயிண்ட் மை எண்ணெய்ப்பசை. மழை நாளில் சன்னலோரத்து விடைத்தாள் நமத்த அப்பளமாய்க் கிடக்கும். அதில் மைப்பேனாவால் எழுதினால் கோடு கசிந்து மறுபக்கமும் தெரியும். ஏப்ரலில் இன்னும் மோசம். இரண்டாமாண்டில் பத்து மதிப்பெண் விடை ஒன்றை ஜெல்லில் எழுதிவிட்டு, வியர்த்த கையை அதன் மேலேயே வைத்துவிட்டேன். பாதிப் பக்கம் நீலத் தீற்றல். அப்புறம் ஒவ்வொரு பத்திக்கும் ஊதுவது, கைக்குட்டையை நகர்த்துவது என்று, ஜெல்லில் மிச்சமான நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. இடக்கையால் எழுதும் என் அறைத்தோழனுக்கு வியர்வைகூட வேண்டாம். எழுதிய ஈரத்தின் மேலேயே அவன் கை போகும். பால்பாயிண்டில் இந்தத் தொல்லை எதுவும் எனக்கு வந்ததில்லை.

அதற்கும் குறை உண்டு. அழுத்தி எழுதுவதால் மூன்றாவது மணியில் கட்டைவிரல் கெஞ்சும். அவசரத்தில் தொட்டால் புள்ளி விழாது. (தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருப்பவை போன்ற பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது, ஆனால் ஓலைக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.) நான் செய்தது இரண்டு. மெலிந்த பேனாவை விட்டுத் தடித்த உடம்புள்ளதாக எடுத்தேன். அடியில் தாள்கள் இருக்கும்வரை பால்பாயிண்ட் மெத்தென்று ஓடும், விடைத்தாளின் கடைசித் தாள்களில் பெஞ்சின் கட்டை தட்டி விட்டு விட்டு எழுதும். அங்கே வினாத்தாளை மடித்து அடியில் வைத்துக்கொள்வேன்.

விலை கூடிய மெல்லிய நிப்புப் பேனாக்களை நான் தொட்டதில்லை. அவை வேறு மாதிரி இருக்கலாம். ஏ.சி. அறையில் தேர்வு எழுதுபவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. மைப்பேனாவைத் தூக்கிப் போடவில்லை. அடுத்து பி.எட். சேர்கிறேன், பாடக்குறிப்பு ஏடுகளை வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதானே எழுதப்போகிறேன், அதற்கு அதுதான்.