ஒரே குளுக்கோஸ், இரண்டு கணக்கு

குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்க செல்லுக்கு இரண்டு வழி: ஆக்சிஜனோடு ஒன்று, ஆக்சிஜன் இல்லாமல் ஒன்று. தொடக்கம் இரண்டு வழிக்கும் ஒன்றுதான். செல்லின் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் ஒரு குளுக்கோஸ், பைருவேட் என்னும் இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைகிறது. நிகர லாபம் 2 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம் இரண்டு.

ஆக்சிஜன் இருந்தால் பைருவேட், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அதன் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகிறது. பிரிந்து வரும் எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள, நீர் உருவாகிறது. மொத்தம் சுமார் 30 முதல் 32 ஏடிபி. பள்ளியில் 36, 38 என்று படித்திருப்பீர்கள். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வைக் கடக்கும் செலவையெல்லாம் கழித்தபின் கணக்கு இறங்கிவிட்டது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்த 2 ஏடிபியோடு சரி. அப்புறம் எதற்கு மெனக்கெட்டுப் பைருவேட்டை லாக்டிக் அமிலமாக மாற்ற வேண்டும்? முதல் கட்டத்தில் எலக்ட்ரான்களை வாங்கிச் செலவான என்ஏடி என்ற துணை மூலக்கூறை மீட்கத்தான். அது தீர்ந்தால் அந்த 2 கூடக் கிடைக்காது. ஈஸ்ட் அதே வேலைக்கு எத்தனால் வழியைப் பிடிக்கிறது.

ஆக்சிஜன் இல்லாத வழி ஊதாரித்தனம்தான், ஆனால் வேகம் அதிகம். 100 மீட்டர் ஓட்டத்துக்கு இது உதவும். மாரத்தானுக்கு ஆக்சிஜன் வழிதான்.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது சிவப்பணு. உடல் முழுக்க ஆக்சிஜன் சுமக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், தன் குளுக்கோஸை எரிக்க அதில் துளியும் எடுத்துக்கொள்வதில்லை.