மூட்டையா, உப்புத் தண்ணீரா: மண்டபத்துத் தொட்டிக்கு எது?

கார்த்திகையில் அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தம். திருத்துறைப்பூண்டியில் நாங்கள் நடத்தும் கல்யாண மண்டபத்துக்கு 20,000 லிட்டர் மேல்தொட்டி. வழக்கமான அளவு ப்ளீச்சிங் பவுடர் கலந்தாயிற்று, வாடையும் அடித்தது. ஆனால் குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். பவுடர் ஈரம் குடித்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது. அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டுக் குளோரின் மருந்து செய்யும் இயந்திரம். 14 மாதம் ஓடிவிட்டது.

பார்க்கப்போனால் ப்ளீச்சிங் பவுடரும் கரண்டில் பிறந்ததுதான். உப்புக் கரைசலை மின்னாற்பகுத்து வரும் குளோரினை நீற்றுச் சுண்ணாம்பில் ஏற்றினால் அது பவுடர். நம் காவிரியிலேயே மேலே போனால், 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பிறகு அங்கே எழுந்த ரசாயன ஆலையின் தொழிலே உப்பிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுப்பதுதான். அந்த வேலையை ஆலையில் முடித்து மூட்டையாக வாங்குவதா, கொல்லைப்புறத்தில் நாமே செய்துகொள்வதா என்பதுதான் கேள்வி.

பவுடருக்கு உள்ள நல்ல பெயர் எல்லோருக்கும் தெரியும்: விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கரண்ட் வேண்டாம். புதிதாக இருக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். எங்கள் தொட்டிக்கு 140 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு மண்டி அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். டெல்டா ஈரத்தில் மூட்டை மூன்று மாதம் கிடந்தால் அந்த 140 என்ன கணக்கு என்பது யாருக்கும் தெரியாது. கேனில் திரவமாக வரும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக வீரியம் இழக்கும், அதைப் பற்றி அவ்வளவு போதும்.

இயந்திரத்தில் 7 லிட்டர் தண்ணீருக்கு 210 கிராம் உப்பு. நேர்மின் தகட்டில் குளோரின், எதிர்மின் தகட்டில் காரமும் (காஸ்டிக் சோடா) ஹைட்ரஜனும் பிறக்கின்றன. குளோரினும் காரமும் அங்கேயே கலந்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகிறது. லிட்டருக்கு 6 கிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 42 கிராம், தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சொச்சம். கரண்ட் செலவு கால் யூனிட் போல. ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலையிலேயே ஓட்டிவிடுவோம், கரைசல் சூடேறினால் மருந்து குளோரேட்டாக மாறி வீணாகும்.

எனக்குப் பிடித்தது இயந்திரத்தில் ஓடும் கரண்டைக் காட்டும் ஆம்பியர் முள். ஒரு ஜோடித் தகட்டில் 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் ஏட்டுக் கணக்கில் 1.3 கிராம் குளோரின். கைக்கு வருவது குறையும், ஆனால் முள்ளும் நேரமும் அதே, தகடும் சுத்தம் என்றால் நேற்று வந்த அளவுதான் இன்றும் வரும். மூட்டைக்கு அப்படி ஒரு முள் கிடையாது.

சரி, வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது விலையோ கரண்டோ இல்லை, தகடு கழுவுவதுதான். பக்கத்திலேயே வேதாரண்யம் இருக்கிறதே என்று முதலில் கல்லுப்பு மூட்டை இறக்கினேன். தண்ணீர் எங்கள் போர் தண்ணீர். இரண்டே வாரத்தில் எதிர்மின் தகடு, வெந்நீர்ப் பானையின் உட்புறம் போல வெள்ளை பூத்துவிட்டது. முள் பாதிக்கு இறங்கியது. கல்லுப்பிலும் போர் தண்ணீரிலும் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தத் தகட்டின் காரத்தில் படிந்துவிடுகின்றன. இப்போது சுத்திகரித்த உப்பு, ஆர்.ஓ. தண்ணீர். அப்படியும் வெள்ளிக்கிழமை தோறும் கழுவியே ஆக வேண்டும்: 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு, அரை மணி ஊறல், அப்புறம் மெத்தென்ற பிரஷ். ஊறவைக்கும் முன் பழைய மருந்து ஒரு சொட்டு இல்லாமல் அலசிவிட வேண்டும். புளிப்போடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். கம்பிநார் படவே கூடாது. நேர்மின் தகடு டைட்டானியம், அதன்மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூச்சு. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் நிறைய உழைத்த விஷயம் அது. பூச்சு போனால் டைட்டானியம் தன்மேல் தானே ஒரு படலம் போர்த்திக்கொண்டு கரண்டை விடாது.

"சாமி விளக்கு மாதிரி வாரா வாரம் தேய்க்கணுமா தம்பி?" என்று மோட்டார் பார்க்கும் அண்ணன் சலித்துக்கொண்டார். குலதெய்வக் கோயிலுக்கு இரண்டு வாரம் போய் வந்தவர், இறங்கிக் கிடந்த முள்ளைப் பார்த்தபின் அவராகவே கழுவுகிறார். பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று 14 மாத அனுபவத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல முடியாது. தகடு மாற்றும் செலவு வந்தால் என் கணக்கும் மாறலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தப் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை மறக்கவில்லை. அதனால் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பாவில் 2 கிலோ பவுடர் எப்போதும் இருக்கும். ஐப்பசி பிறந்ததும் புதிதாக வாங்கிவிடுவேன்.

தெரிந்தவர் ஒருவர் தானும் வாங்கவா என்று கேட்டார். மூன்று மண்டபம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாட்ச்மேன். வேண்டாம் அண்ணே, மாதாமாதம் சின்னப் பாக்கெட்டாகப் பவுடரே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.