பரு கூடுவது நல்ல அறிகுறி என்று ஜிம்மில் சொன்னால் நம்பாதீர்கள்

பரு வரும் தோலை வைத்துக்கொண்டு ஜிம்மில் சேரப்போகிறவர்களும், சேர்ந்த பிறகு முகமும் முதுகும் மோசமாகிக்கொண்டே போகிறதே என்று தவிப்பவர்களும் இதை முழுவதும் படித்துவிடுங்கள். என்னிடம் ஒரு திட்டத்தை விற்று, ஏழு மாதம் என் தோலைக் கெடுத்தார்கள். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. கன்னத்திலும் முதுகிலும் விழுந்த கருந்தழும்புகள் இன்னும் முழுதாக மறையவில்லை.

எனக்குப் பதின்ம வயதிலிருந்தே லேசாகப் பரு உண்டு. தாடை ஓரத்தில் நாலைந்து வரும், கொஞ்ச நாளில் அமுங்கிவிடும். அதற்காக நான் ஜிம்முக்குப் போகவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்து முதுகு பிடித்துக்கொண்டது, தூக்கமும் கெட்டிருந்தது, அதனால் சேர்ந்தேன். முதல் நாள் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்ட பயிற்சியாளர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உடம்புல கழிவு தேங்கியிருக்குங்க, அதான் முகத்துல தெரியுது. நல்லா வேர்த்தா எல்லாம் வெளியே போயிடும்” என்றார். மூன்று மாத ‘டீடாக்ஸ்’ திட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பயிற்சியோடு சேர்த்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் சூட் ஒன்று, இடுப்பில் கட்ட ஒரு பெல்ட், சொரசொரப்பான ஸ்க்ரப், பெரிய டப்பா புரோட்டீன் பவுடர். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். கட்டினேன். எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்த்தது பல மாதம் கழித்துத்தான்.

அன்றைக்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். பருவை உண்டாக்கும் கழிவு என்று எதுவும் வியர்வை வழியாக வெளியேறுவதில்லை. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், அதன் வேலை உடம்பைக் குளிர வைப்பது. கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். அதோடு, உடம்பு முழுக்க இருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் தோலின் மேற்பரப்பில் நேராகத் திறக்கின்றன. பரு உண்டாவதோ மயிர்க்காலில். உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெயும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்து, உள்ளே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, வீக்கம் கண்டால் அது பரு. எவ்வளவு வேர்த்துக் கொட்டினாலும் அந்த அடைப்பு கரையாது.

மூன்றாவது வாரத்தில் தோள்பட்டையிலும் இடுப்பிலும் சிவப்பாகப் பொரிய ஆரம்பித்தது. அதுவரை முகத்தைத் தவிர வேறெங்கும் எனக்குப் பரு வந்ததே இல்லை. பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா, வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. உள்ளே இருக்கிறது வெளியே வருது. முதல்ல கூடத்தான் செய்யும், அது நல்ல அறிகுறி” என்றார்.

இந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பரு குறைந்தால் திட்டம் பலிக்கிறது, கூடினால் இன்னும் நன்றாகப் பலிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பயப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்பட்டேன். சூட்டை இன்னும் இறுக்கிப் போட்டேன், ஸ்க்ரப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அந்தப் பேச்சில் ஒரு சின்ன உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு வகைப் பரு மருந்துகளைத் தடவத் தொடங்கும்போது, முதல் சில வாரங்கள் பரு கொஞ்சம் கூடலாம். மயிர்க்காலில் தோல் செல்கள் வளர்ந்து உதிரும் விதத்தை அந்த மருந்து மாற்றுகிறது, அதனால் அப்படி ஆகிறது. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே பரு வரும் இடங்களில்தான் வரும், சில வாரங்களில் தணியும். ரப்பர் சூட்டுக்கும் ஸ்க்ரப்புக்கும் அப்படி ஒரு கட்டமே கிடையாது. இதுவரை வராத இடத்தில் வந்தால், அரித்தால், எரிந்தால், தோல் காயப்படுகிறது என்று அர்த்தம். அன்றே நிறுத்துங்கள்.

இரண்டாம் மாதம் முகமும் கெட்டது. ஒரு நாளில் நான்கு முறை ஸ்க்ரப் போடச் சொல்லியிருந்தார்கள். தோல் வறண்டு, தொட்டாலே எரிந்தது. நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் மேல் முதுகிலும் கடுகு அளவில், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரியான பொரிகள் வந்தன. வேர்க்கும்போது தாங்க முடியாத அரிப்பு. நானாக ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சில நாள் போட்டுப் பார்த்தேன், இன்னும் பரவியது. மூன்று மாதம் முடிந்ததும் ‘கழிவு இன்னும் பாக்கி இருக்கு’ என்று சொல்லி நீட்டிப்புக்கும் பணம் வாங்கினார்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் அவர் முன்னால் அழுதுவிட்டேன். அப்போது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை ஜாடியை எடுத்துக் கொடுத்தார். லேபிள் இல்லை. மூலிகை கிரீம், சொல்லி வைத்துச் செய்வது என்றார். அதற்குத் தனிப் பணம். நாலே நாளில் சிவப்பெல்லாம் அடங்கி முகம் பளிச்சென்று ஆனது. எனக்கு அவர் மேல் அவ்வளவு நன்றி. தெரிந்தவர்கள் இரண்டு பேரை அதே திட்டத்தில் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

ஜாடி தீரப்போகும் நேரத்தில் இரண்டு நாள் தடவ விட்டுப்போனது. முகம் முழுக்க நெருப்பு வைத்தது போல எரிந்தது. கன்னத்தில், வாயைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் சீழ் வைத்த பொரிகள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் தோல் மருத்துவரிடம் போனேன்.

டாக்டர் முதலில் முதுகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் இடுப்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, “இந்த இடத்துல என்ன கட்டுவீங்க?” என்று கேட்டார். பெல்ட் என்றேன். தோளில் இரண்டு பட்டை போல இழுத்து, “இங்கே?” என்றார். சூட்டின் தோள் தையல் சரியாக அங்கேதான் அழுத்தும். கைபேசியில் படம் எடுத்துக் காட்டினார். பொரிகள் பெல்ட்டின் அகலத்துக்கு வளையமாக நின்றன, அதற்கு மேலும் கீழும் தோல் சுத்தமாக இருந்தது. ஏழு மாதத்தில் ஜிம்மில் ஒருவர்கூட என் முதுகை இப்படிப் பார்க்கவில்லை.

எனக்கு இருந்தது ஒரு நோய் இல்லை, மூன்று. முதலாவது உராய்வால் வரும் பரு, ‘ஆக்னி மெக்கானிக்கா’. 1975-இல் மில்ஸ், கிளிக்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தப் பெயரில் விவரித்து எழுதியது. சூடு, அழுத்தம், உராய்வு, காற்றுப் போகாத மூடல் எல்லாம் சேர்ந்து மயிர்க்காலை எரிச்சலூட்டுவதால் வருவது. ஹெல்மெட்டின் தாடை வார் படும் இடத்திலும், விளையாட்டு வீரர்களின் தோள் கவசத்துக்கு அடியிலும் அடிக்கடி பார்க்கலாம். என் ரப்பர் சூட்டில் அந்த நான்கும் ஒன்றாக இருந்தன. இன்னொன்றையும் டாக்டர் சொன்னார். 1997-இன் கடைசியில் அமெரிக்காவில் எடையைக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். வெப்பத்தில் ரப்பர் சூட்டைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்து நீரை வற்றவைத்ததுதான் அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த சூட்டுகளைத் தடை செய்தார்கள். எனக்கு விற்றது அந்த வகை சூட்.

இரண்டாவது, அந்த அரிக்கும் கடுகுப் பொரிகள். அது பருவே இல்லை. மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் இருக்கும். சூடும் ஈரமும் நீடித்தால் மயிர்க்காலுக்குள் பெருகி இப்படிப் பொரியும். தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தார்கள். ஆன்டிபயாடிக் போட்டால் போட்டிக்கு இருக்கும் பாக்டீரியா குறைந்து பூஞ்சைக்கு இடம் கிடைக்கும், அதனால்தான் எனக்குக் கூடியது. பூஞ்சைக்கான மருந்து தொடங்கிய சில நாளில் அரிப்பு நின்றது. ஒரே அளவில், கூட்டமாக, அரிப்போடு வந்தால் பரு மருந்து வாங்குவதற்கு முன்னால் இந்தச் சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது அந்த ஜாடி. “நாலு நாள்ல போயிடுச்சா?” என்று டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். பருவுக்கான எந்த நேர்மையான மருந்தும் நாலு நாளில் அப்படிச் செய்யாது, எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் எடுக்கும். என் கன்னத்தில் மெலிந்த தோலையும், இழை இழையாகத் தெரிந்த ரத்தக் குழாய்களையும், நிறுத்தியதும் வெடித்த விதத்தையும் பார்த்து, அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குவதால் முதலில் தோல் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், அதுவே புதுப் பருக்களைக் கொண்டுவரும். விட்டால் முன்பைவிட மோசமாகத் திரும்பும், அதனால் விடவும் முடியாது. அதைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக மாதம் ஆனது. லேபிள் இல்லாத கிரீமை யார் கொடுத்தாலும், எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும், முகத்தில் வைக்காதீர்கள்.

புரோட்டீன் பவுடரைப் பற்றி டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் கூட்டும், இவை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். வே குடிக்கத் தொடங்கியதும் முதுகிலும் மார்பிலும் பரு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எல்லாருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. சில வாரம் நிறுத்திப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் வேறு புரதத்துக்கு மாறிக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை மட்டும் தொடவே வேண்டாம். தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு கலந்த பவுடர்கள் பிடிபட்டிருக்கின்றன, அவை மார்பிலும் முதுகிலும் கொடூரமான பருவைக் கொண்டுவரும்.

நான் பயந்தது, இனி உடற்பயிற்சியே கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். அப்படிச் சொல்லவில்லை. 2008-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வைச் சொன்னார். பயிற்சி செய்யாதவர்கள், பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குளித்தவர்கள், நாலு மணி நேரம் கழித்துக் குளித்தவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து முதுகுப் பருவையும் மார்புப் பருவையும் கவனித்திருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் வேர்ப்பதே குற்றம் இல்லை என்று கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. வேர்த்த துணியைக் கழற்றாமல் இருப்பது, இறுக்கம், தேய்ப்பு, இவைதான் என் தோலைக் கெடுத்தவை.

இப்போது வேறு இடத்தில் பயிற்சி செய்கிறேன். தளர்வான, வியர்வை சீக்கிரம் உலரும் துணி. தொடங்கும் முன் மேக்கப் இருந்தால் கழுவிவிடுவேன். முடிக்குத் தடவும் எண்ணெயையும் ஜெல்லையும் பயிற்சிக்கு முன் தவிர்க்கிறேன், அவை வியர்வையோடு நெற்றியில் இறங்கி அடைக்கும். வேர்க்கும்போது முகத்தைத் தேய்ப்பதில்லை, சுத்தமான துண்டால் ஒற்றி எடுப்பேன். அந்தத் துண்டைப் பயிற்சிப் பாயிலோ பெஞ்சிலோ விரிப்பதில்லை, அதற்கு வேறு துண்டு. முடிந்ததும் முதல் வேலை துணி மாற்றுவது, பிறகு குளியல். முகம் கழுவ மென்மையான ஃபேஸ் வாஷ், காலையும் இரவும், வேர்த்த பிறகு ஒரு தடவை. ஸ்க்ரப் கிடையாது. முதுகுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது பென்சாயில் பெராக்சைடு. அது துணியை வெளுக்கும் என்பதால் வெள்ளைத் துண்டுதான் வைத்திருக்கிறேன். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடுமையான பயிற்சியைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், அந்த மாத்திரையால் தசைவலி வரலாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு பழைய ஜிம்முக்குப் போனேன். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கிரீமைப் பற்றிக் கேட்டபோது, “நாங்க அப்படி எதுவும் குடுக்கலையே” என்றார் அதே பயிற்சியாளர். அதற்கு ரசீதே போட்டிருக்கவில்லை. அடியில் கொஞ்சம் கிரீம் ஒட்டிய அந்த ஜாடியை நான் தூக்கிப் போடவில்லை, மூடி பத்திரமாக வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்பிச் சேர்ந்த இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவர் கிரீம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, தப்பித்தார். இன்னொருவருக்குச் சிகிச்சை இன்னும் நடக்கிறது.