காட்பாடிப் பக்கம் ஒரு மாலை நேர மனநல கிளினிக்: சமூகப்பணி மாணவர் ஒருவரின் மதிப்புரை

வேலூரில் மனநல மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்கிவருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் செலவே இல்லை. இவ்வளவு இருந்தும், மருத்துவம் மற்றும் மனநலம் சார்ந்த சமூகப்பணியில் முதுகலை படித்துக்கொண்டே மனச்சோர்வு நோய்க்கு மருந்து எடுத்துவரும் நான், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய தனியார் கிளினிக்கைத் தேடிப் போனேன். பெரிய மருத்துவமனைகளின் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு நாங்கள் களப்பணிக்கு நுழையும் வாசல்கள் அவை. அதே வாசலில் கையில் ஓ.பி. சீட்டோடு நிற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

1900இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் வளர்ந்து இந்த ஊரையே மருத்துவ ஊராக்கிவிட்டது. எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு செவிலியர், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு வார்டு ஊழியர் இருப்பார். வெளியூர்க்காரருக்கு இது வரம்: வங்காள எழுத்தில் பலகை மாட்டிய லாட்ஜில் தங்கி, யார் கண்ணிலும் படாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். உள்ளூரில் செவிலியம், உளவியல், சமூகப்பணி, பிசியோதெரபி என்று படிப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஆகவே இந்த கிளினிக்கை நான் அளந்து பார்த்தது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: உள்ளே போனால் என்னை நோயாளியாக மட்டும் இருக்க விடுகிறார்களா? ஊழியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள் என்பதாலும், குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். இதே நிலையில் வேறு இடம் தேடுபவர்களுக்கு எதைக் கவனிக்கலாம் என்பதற்கு இது பயன்பட்டால் போதும்.

மருத்துவரைப் பொறுத்தவரை என் பதில் ஆம் என்பதே. முதல் சந்திப்பு அவசரமில்லாமல் நடந்தது. வழக்கம்போல, மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தாண்டினால் என்ன பெயர், இருபதைத் தொட்டால் என்ன பெயர் என்பது எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். பேனாவை எடுக்கும்போதே கூட்டுத்தொகை மனத்தில் ஓடுகிறது. படிப்பைக் கேட்டறிந்த மருத்துவர் அந்தப் படிவத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறேன், எழுந்தபின் பல் துலக்க எவ்வளவு நேரமாகிறது, கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று கேட்கத் தொடங்கினார். நான் ஏதோ கலைச்சொல் ஒன்றைச் சொல்லிப் பதில் சொல்ல முயன்றபோது, “அந்த வார்த்தையெல்லாம் நான் எழுதிக்கிறேம்மா, நீங்க உங்களுக்கு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருடைய கட்டணத்தைக் கொடுக்கலாம்.

அதே சமயம், இந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று விளக்கங்களை விழுங்கிவிடவும் இல்லை. மருந்து எழுதுவதற்கு முன் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கினார். முதல் சில நாள்களில் குமட்டலும் தூக்கக் குறைவும் வரலாம், படபடப்புகூடச் சற்று ஏறலாம், ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதை முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இந்த வகை மருந்துகளுக்கு உண்டு; அதை மழுப்பாமல் நேரடியாகக் கேட்டு, அப்படித் தோன்றினால் யாரை அழைப்பேன் என்று பெயரோடு சொல்லவைத்தார். நலமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மருந்து தொடர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்பதைச் சீட்டின் அடியில் தமிழில் எழுதியும் கொடுத்தார். தமிழில் எழுதிக்கொடுக்கும் மருத்துவரை இந்த வட்டாரத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

படிப்பைத் தொடரலாமா என்பதுதான் நான் கேட்கத் தயங்கிய கேள்வி. ஆற்காட்டில் இருக்கும் என் பெரியம்மா ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “தனக்கே வைத்தியம் பாக்குற புள்ள ஊருக்கு என்ன ஆறுதல் சொல்லும்?” மருத்துவர் அதற்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. சர்க்கரை நோய் உள்ள மருத்துவர்கள் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கிறார்கள் அல்லவா என்று நாம் வழக்கமாகக் கேட்கும் சமாதானத்தைக்கூட அவர் சொல்லவில்லை; அது முழுக்கப் பொருந்தாது என்பது என் கருத்தும்கூட, ஏனென்றால் எங்கள் வேலையில் கேட்கும் காதும் தாங்கும் மனமுமே கருவி. அவர் செய்தது, களப்பணியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தது. மருந்து பழகும் வரை மாலைக்கு மேல் பணி வேண்டாம்; தற்கொலை முயற்சிக்குப் பின் அனுமதிக்கப்பட்டவர்களைப் பேட்டி காணும் பொறுப்பு இந்தப் பருவத்தில் வேண்டாம்; முதியோர் இல்லப் பணியையும் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதையும் விடவேண்டியதில்லை. மேற்பார்வையாளரிடம் நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, என்ன மாற்றம் தேவை என்று சொன்னால் போதும் என்றார். கல்லூரிக்குத் தந்த சான்றிதழிலும் அப்படியே, சிகிச்சையில் இருப்பதும் பணிநேர வரம்பும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளிக்கு ரகசியக்காப்பு உரிமை தருகிறது என்று தேர்வுக்கு எழுதியிருக்கிறேன். அது ஒரு தாளில் எப்படி நடைமுறையாகிறது என்பதை இங்கேதான் கண்டேன்.

ஆலோசனைப் பகுதி இந்தத் தரத்துக்கு ஈடாக இல்லை. அறைகளைப் பிரிப்பது பிளைவுட் தடுப்பு. பக்கத்து அறையில் ஒருவர் அழுதால் இங்கே கேட்கிறது, அப்படியானால் நான் பேசுவதும் அங்கே கேட்கும். முதலில் பார்த்த உளவியலாளர் வேலையை விட்டுப் போனபோது அவர் எழுதிவைத்த குறிப்புகள் அடுத்தவரிடம் போய்ச் சேரவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. புதியவர் நல்லவர், திறமையும் உண்டு. ஆனால் என் படிப்பு தெரிந்ததும் சக ஊழியரைப் போல நடத்தத் தொடங்கிவிட்டார். “இதுக்கு என்ன டெக்னிக் யூஸ் பண்ணலாம்னு உங்களுக்கே தெரியுமே” என்று அவர் சிரித்தபோது அந்த அமர்வு அங்கேயே முடிந்துவிட்டது போலிருந்தது. தெரியும்தான், ஆனால் தெரிந்தது உதவாததால்தானே வந்திருக்கிறேன். அடுத்த முறை இதை அவரிடமே சொன்னேன்; முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார், பிறகு ஓரளவு மாற்றமும் தெரிகிறது.

காத்திருப்புக் கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணையே கூப்பிடுகிறார்கள். வரவேற்பில் இருக்கும் அக்கா எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. இவ்வளவு கவனமும் உள்ளேயே இருக்கும் மருந்துக்கடையில் வீணாகிறது: “மன அழுத்த மாத்திரை யாருதுங்க?” என்று அந்தத் தம்பி கூவும்போது மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கிறது. சீட்டை வெளியே கொண்டுபோய் வேறு கடையில் வாங்கிக்கொள்ளத் தடையில்லை, நான் அப்படித்தான் செய்கிறேன்.

மருத்துவருக்கு முதல் முறை 600 ரூபாய், பிறகு 400. ஆலோசனை அமர்வு 45 நிமிடத்துக்கு 800. உதவித்தொகையில் படிப்பவர்களுக்கு ஆலோசனைக் கட்டணம் கனம்தான், மாணவர் சலுகை கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். பணமே தடையென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதே சரி. அடையாளம் தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு நான் எழுதியது காரணமாகிவிடக் கூடாது. இரவில் தாங்க முடியாமல் போனால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

கிளினிக் மாலை ஐந்து மணிக்குத் திறக்கிறது, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமைகளில் கூட்டம் அதிகம். வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் வாரத்தின் நடுவில் முன்பதிவு செய்துகொண்டால் எட்டு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். மருத்துவருக்காக நான் அங்கேயே தொடர்கிறேன். ஆலோசனைக்கு மட்டும், இந்த உளவியலாளரும் போய்விட்டால் வேறு இடம் பார்ப்பேன்.