சாம்பலா, தும்புத்தூளா? உலர் மலசலகூடத்துக்கு மேல் தூவ எது நல்லது

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும்தான். குழிக்குள் இறங்குவது சரியாக வடிபடாமலே கிணற்றுத் தண்ணியில் கலந்துவிடும். எங்கள் வளவில் கிணறும் கக்கூஸ் குழியும் அவ்வளவு கிட்ட இருந்ததால்தான், குழியை மூடிவிட்டு, நிலமட்டத்துக்கு மேலே இரண்டு சீமெந்து அறை கட்டி உலர் மலசலகூடத்துக்கு மாறினோம். மலம் அறைக்குள் விழும். சலத்துக்கு, அதாவது சிறுநீருக்கு, ஒரு குழாய். கழுவும் தண்ணி வேறு துவாரத்தால் வாழைப் பாத்திக்குப் போகும். ஓர் அறை நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறப்போம்.

கட்டுவது மேசனோடு முடிந்துவிடும். போய்வந்த ஒவ்வொரு முறையும் மேலே எதைத் தூவுவது என்பதுதான் முடியாத கேள்வி.

சாம்பல் காசில்லாமல் கிடைக்கும். அம்மம்மா கோழிக்கூட்டுக்குத் தூவியதும் பொச்சுமட்டைச் சாம்பல்தான். ஒரு சிரட்டை போட்டால் மணம் அடங்கும், இலையான் மொய்க்காது. அதன் பலம் காரம். காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 9க்கு மேலே நின்றால் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் வேகமாகச் சாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியும் அந்த நிலையில், உள்ளே சூடாகவும் காய்ந்தும் இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் வைத்தால் போதும் என்கிறது. ஆனால் அதே காரம் உக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அடக்கிவிடுகிறது. முதல் அறையைத் திறந்தபோது எங்களுக்குக் கிடைத்தது எரு இல்லை, காய்ந்த சாம்பல் கட்டிகள். இன்னொன்று: சலம் தவறி உள்ளே விழுந்தால் சாம்பல் அதிலிருந்து அமோனியாவைக் கிளப்பும். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தால் முதலில் சலக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய்த் தும்புத்தூள் வேறு குணம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காற்றுக்கும் இடம் விடும். அதனால் உள்ளே உண்மையாகவே உக்கும். திறந்தால் காட்டு மண் வாசம். ஆனால் பொறுமை வேண்டும். காரம் இல்லாததால் எங்கள் வெக்கைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் மூடிவைக்க வேண்டும். பெரிய குடும்பம், சின்ன அறை என்றால் அதற்குள் மற்ற அறையும் நிரம்பிவிடும். அந்த வீட்டுக்குச் சாம்பல்தான் சரி.

தும்புத்தூளின் எதிரி மாரி. போன கார்த்திகையில் விருந்தாளிப் பிள்ளை ஒன்று மலத் துவாரத்திலேயே கழுவிவிட்டது. தாழ்வாரத்தில் வைத்த தூள் சாக்கும் தூவானத்தில் நனைந்திருந்தது. மூன்றாம் நாள் கூழ்முட்டை மணம், அறைச் சுவரில் வெள்ளைப் புழு. கையுறை போட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன், விரலிடுக்கால் தண்ணி ஒழுகியது. நன்றாக உக்கும் பிடி பிழிந்தால் கையில் ஈரம் படும், சொட்டாது. காய்ந்த பூவரசஞ் சருகும் உமியும் இரண்டு கடகம் கொட்டி, தடியால் கிளறி, மேலே காய்ந்த தூளைக் கனமாகப் போட்டேன். ஒரு கிழமையில் மணம் போனது. இப்போது தூள் மூடியுள்ள பேணியில் இருக்கிறது.

உமி தனியாக உதவாது. ஈரம் அவ்வளவாக உறிஞ்சாது, இலேசில் உக்காது. கூழானதைப் பொலபொலப்பாக்க மட்டும் நல்லது. மரக்காலைத் தூளும் நல்லதுதான், பூச்சிக்கு மருந்தடித்த பலகையின் தூள் வராமல் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்குத் தும்புத்தூள் என்றே முடிவெடுத்தேன். வளவில் தென்னை இருக்கிறது, எருவுக்கு வேலை இருக்கிறது.

எதைத் தூவினாலும் சலத்தை மறந்துவிடாதீர்கள். மனிதக் கழிவிலுள்ள நைதரசனில் பெரும்பங்கு சலத்தில்தான். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு இறங்கும். குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் அதனால் ஆபத்து கூட. அறையைக் கவனமாகப் பார்த்துவிட்டுச் சலக்குழாயைக் கிணற்றடிக் கிடங்கில் விட்டால் பட்ட பாடு முழுக்க வீண். நாங்கள் சலத்தைக் கலனில் பிடித்து, ஐந்து மடங்கு தண்ணி கலந்து, கிணற்றுக்கு எட்ட, வளவின் தொங்கலில் நிற்கும் தென்னைகளுக்கு ஊற்றுகிறோம். ஒரே மரத்துக்கு அல்ல, நாளுக்கு ஒரு மரமாக மாற்றி.