கல்லடியில் வெளிப்படையுண்மைகளை முறையாகப் படிப்பிக்கும் ஒரு கணித வகுப்பு

தரம் 9 கணிதத்தில் மிக விரைவாகக் கடந்து செல்லப்படும் அலகு வெளிப்படையுண்மைகள், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகள். ஐந்து வரிகளை மனனம் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பெற்றாரிடமும் இருக்கிறது. மட்டக்களப்பு கல்லடியில், ஒரு வீட்டின் முன்மண்டபத்தில் நடைபெறும் சிறிய தனியார் வகுப்பொன்று இந்த அலகுக்குக் கொடுக்கும் மதிப்பைக் கண்டபின், அதைப் பற்றி மற்றப் பெற்றாருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் மகள் அங்கே படிக்கிறாள். பெற்றார் விரும்பினால் பின்வரிசையில் அமர்ந்து கேட்க ஆசிரியர் இடம் தருகிறார்.

அவர் வரைவிலக்கணத்தோடு தொடங்குவதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு களத்திலும் கிழக்கே எழுவான்கரையில் ஒரு வீட்டிலும் கிடக்கும் இரண்டு நெற்குவியல்களை அருகருகே கொண்டுவராமலே அவை சமன் என்று எப்படிச் சொல்வோம் என்று கேட்கிறார். ஒரே மரைக்காலால் இரண்டையும் அளந்து, இரண்டும் அதே அளவுக்கு வந்தால் போதும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். ஒரே கணியத்துக்குச் சமனான கணியங்கள் தமக்குள்ளும் சமன் என்ற முதலாவது வெளிப்படையுண்மை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதப்படுகிறது. இதை நிறுவிக் காட்டும்படி அவர் பிள்ளைகளைக் கேட்கிறார். எவ்வளவு முயன்றும் அதைவிட எளிய ஒன்றிலிருந்து அதைப் பெற முடியாது என்று அவர்கள் காணும்போது, நிறுவாமலே ஏற்றுக்கொண்டு மற்றவற்றை நிறுவுவதற்கு அடிப்படையாக வைக்கும் கூற்று என்ற பொருள் தானாகவே புரிந்துவிடுகிறது.

சமன்களோடு சமன்களைக் கூட்டல், கழித்தல், சமன்களைச் சமன்களால் பெருக்கல் ஆகிய மூன்றும் தடையின்றி நகர்ந்தன. வகுத்தலில் ஆசிரியர் நின்றார். பலகையில் 5 × 0 = 7 × 0 என்று எழுதி, இரண்டு பக்கத்தையும் பூச்சியத்தால் வகுக்கலாமா என்று கேட்டார். “அப்படி வகுத்தால் அஞ்சும் ஏழும் சமன் என்று வந்திருமே சேர்” என்று ஒரு பிள்ளை சொன்னதும், “அதனாலதான் மகள், பூச்சியமல்லாத என்ற சொல்லை விடக் கூடாது” என்றார். ஐந்தாவது வெளிப்படையுண்மையில் அந்த ஒரு நிபந்தனை ஏன் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த அலகின் பயன் கேத்திரகணிதத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது. இரண்டு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது உண்டாகும் குத்தெதிர்க் கோணங்கள் சமன் என்ற தேற்றத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் அது வெளிப்படையுண்மை ஆகாது, ஏனெனில் அதை நிறுவ முடியும். வெட்டுமிடத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று கோணங்கள் அ, ஆ, இ என்றால், அடுத்துள்ள இரண்டு கோணங்கள் ஒரு நேர்கோட்டில் அமைவதால் அ + ஆ = 180 பாகை; ஆ + இ = 180 பாகை; ஆகவே முதலாவதின்படி அ + ஆ = ஆ + இ; மூன்றாவதின்படி இரண்டிலிருந்தும் ஆ என்ற பொதுக் கோணத்தைக் கழித்தால் அ = இ. ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஆசிரியர் கொப்பி கொப்பியாகப் பார்க்கிறார். சாதாரண தரப் பரீட்சையில் காரணங்களுக்கும் புள்ளி உண்டு என்பதால் இந்தப் பழக்கம் நேரடியாகவே உதவும். அதைவிடப் பெரியது, தெளிவாகத் தெரிவதையும் நிறுவாமல் ஏற்பதையும் பிரித்தறியும் பயிற்சி.

இந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்பதற்கும் அவர் ஒரு பாடவேளையை ஒதுக்கினார். கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்கிளிட் வகுத்த ஐந்து பொதுக் கருத்துகளில் முதல் மூன்று இன்றும் நம் பிள்ளைகள் படிப்பவையே. பெருக்கலும் வகுத்தலும் அந்த ஐந்தில் இல்லை. ஒன்றோடொன்று பொருந்துவன சமன் என்பதும், முழுமை பகுதியை விடப் பெரிது என்பதும் அங்கே உள்ளன. முழுமை பற்றிய கூற்றை எவரும் மறுக்கமாட்டார் என்று தோன்றும். ஆனால் 1, 2, 3 என்று முடிவின்றிச் செல்லும் எண்களையும் அவற்றின் வர்க்கங்களாகிய 1, 4, 9 என்பவற்றையும் ஒன்றுக்கொன்று இணைத்துக்கொண்டே போகலாம், ஒன்றும் மிஞ்சாது என்று கலிலியோ 1638 இல் காட்டினார். பகுதியும் முழுமையும் அங்கே பெரிது சிறிது என்று பிரியவில்லை. அதைக் கேட்டபோது வகுப்பில் இருந்த அமைதி எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. அன்றாடப் பேச்சில் “இது வெளிப்படையான உண்மைதானே” என்று சொல்லி விவாதத்தை முடித்துவைக்கிறோம். அந்தச் சொல்லைக் கணிதம் எவ்வளவு கவனத்தோடு கையாளுகிறது என்று ஒரு பிள்ளை 14 வயதில் அறிவது பெரிய பேறு.

குறைகளையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வழங்கப்படும் அச்சிட்ட குறிப்பு ஆசிரியரின் விளக்கத்துக்கு ஈடாக இல்லை. “எல்லாருக்கும் தெரிந்த உண்மை” என்று அதில் உள்ள வரைவிலக்கணம் தவறான எண்ணத்தைத் தருகிறது. பூச்சியமல்லாத என்ற நிபந்தனையும் விடுபட்டிருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதிக்கொள்ளாத பிள்ளை, பரீட்சைக்கு முன் இந்தத் தாளை மட்டும் புரட்டினால் பிழையைத்தான் படிக்கும். மேலும், யூக்கிளிட்டின் சமாந்தரக் கோடுகள் பற்றிய கூற்றும் அந்தக் குறிப்பில் வெளிப்படையுண்மைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது கேத்திரகணிதத்துக்கு மட்டும் உரிய எடுகோள். அதை விட்டும் வேறொரு கேத்திரகணிதம் அமைக்கலாம் என்று ரஷ்யக் கணிதவியலாளர் லொபச்செவ்ஸ்கி 1829 இலும் ஹங்கேரியக் கணிதவியலாளர் பொல்யாய் 1832 இலும் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. எனவே அதைத் தனியாக வைப்பதே சரி.

சனிக்கிழமைக் காலை வகுப்பில் பிள்ளைகள் அதிகம், வாங்குகள் நெருக்கமாக உள்ளன, பின்னால் இருப்பவர்களின் கொப்பி எப்போதும் பார்க்கப்படுவதில்லை. வார நாள் மாலை வகுப்பில் கூட்டம் குறைவு. விரைவாக வினாத்தாள்களைச் செய்து முடிக்க விரும்பும் தரம் 11 மாணவருக்கு இவரின் வேகம் ஒத்துவராது. தரம் 8 முடித்து 9 க்குப் போகும் பிள்ளையை, குறிப்பாகக் கேத்திரகணிதத்துக்கு அஞ்சும் பிள்ளையை, மாலை வகுப்பில் சேர்க்கலாம். அச்சிட்ட குறிப்பைத் திருத்தும் வரை அரசாங்கப் பாடநூலையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.